சீமைக்கருவையை வேரோடு எடுப்பது: ராமநாதபுரம் கடலோர நிலங்களுக்கான முழுமையான வழிகாட்டி

சீமைக்கருவேலம் என்கிற சீமைக்கருவையை வெட்டினால் அது சாவதில்லை. தண்டும் வேரும் சேரும் அடிப்பகுதியான தூரில் உறங்கிக் கிடக்கும் மொட்டுகள் விழித்து, ஒரு தண்டு நின்ற இடத்தில் நாலைந்து தண்டுகள் கிளம்பும். சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர், கமுதிப் பக்கம் விறகை மூடி எரித்துக் கரியாக்கும் கரிமூட்டத் தொழில் இத்தனை காலம் நடப்பதற்கே இந்தக் குணம்தான் காரணம். சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதே தூரிலிருந்து மறுபடி விறகு கிடைக்கிறது. விறகு வேண்டுபவருக்கு அது நல்லது. நிலத்தை மீட்க நினைப்பவர் அதே முறையில் வெட்டினால் கூலியும் போகும், கருவையும் முன்பைவிட அடர்ந்து நிற்கும்.

மரத்தைக் கொல்ல எங்கே வெட்ட வேண்டும், எடுத்த நிலத்தை அடுத்த மூன்று ஆண்டுகள் எப்படிக் காக்க வேண்டும் என்பவைதான் இந்த வேலையின் உயிர்நாடி. இரண்டாவதைச் செய்ய முடியாவிட்டால் முதலாவதைத் தொடங்காதீர்கள். ஐந்து ஏக்கரை ஒரே மூச்சில் சுத்தம் செய்து கைவிடுவதைவிட, ஒரு ஏக்கரை எடுத்துக் காப்பாற்றுவது மேல்.

முதலில் மரத்தை அடையாளம் காணுங்கள்

எந்திரம் வந்து நின்ற பிறகு நாட்டு மரங்களும் சேர்ந்து சாய்வது இந்தப் பக்கம் அடிக்கடி நடக்கிறது. முள் இருப்பதெல்லாம் சீமைக்கருவை அல்ல. ஆள் இறங்குவதற்கு முன்னால், காப்பாற்ற வேண்டிய மரங்களுக்குச் சுண்ணாம்பு அடித்துவிடுங்கள்.

சீமைக்கருவையின் பூ உருண்டையாக இருக்காது. விரல் நீளத்துக்குப் பச்சை கலந்த மஞ்சள் கதிராகத் தொங்கும். காய் தட்டையாக, லேசாக வளைந்து, பழுத்ததும் வைக்கோல் நிற மஞ்சளாகும்; கடித்தால் இனிக்கும். ஒரு காயில் 10 முதல் 20 விதைகள்வரை இருக்கும். கிளை கணுவுக்குக் கணு திசை மாறி நெளிந்து போகும்.

நாட்டுக்கருவேலத்தின் பூ மஞ்சள் உருண்டை. காய் விதைக்கு விதை இடுங்கி மணிமாலைபோல் இருக்கும். உடை என்கிற குடைவேலம் தலை தட்டையாகக் குடை விரித்து நிற்கும், காய் சுருண்டிருக்கும். தென் தமிழகத்துக்கும் இலங்கைக்கும் உரிய மரம் அது, இந்தக் கடற்கரையின் சொந்த மரம். ஒன்றைக்கூட வெட்டாதீர்கள். வெள்வேலத்தை வெளிறிய பட்டையைக் கொண்டு அறியலாம். சீமைக்கருவைக்கு உறவான வன்னி மரத்துக்கும் கதிர்ப் பூதான். ஆனால் அதன் முள் சிறியது, கணுவுக்கு இரண்டாக நிற்காமல் தண்டு நெடுகச் சிதறியிருக்கும். காய் மெலிந்து தொங்கும்.

எங்கிருந்து வந்தது, ஏன் இங்கே நிலைத்தது

மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியத் தீவுகள், தென் அமெரிக்காவின் வடபகுதி ஆகியவை இதன் தாயகம். தாவரவியலில் புரோசோபிஸ் ஜூலிஃப்ளோரா. 2022-இல் நடந்த மறுவகைப்பாட்டுக்குப் பின் நெல்டுமா ஜூலிஃப்ளோரா என்றும் எழுதுகிறார்கள். ஜமைக்காவிலிருந்து 1877-இல் சென்னை மாகாணத்துக்கு விதை வந்தது. அன்றைய மாகாணத்தின் கடப்பைப் பகுதியில் முதலில் நட்டார்கள். விறகுக்கும் வேலிக்கும் என்று பின்னர் வறண்ட மாவட்டங்கள் எங்கும் பரவியது.

ராமநாதபுரம் அதற்கு வாய்ப்பான இடமாக அமைந்துவிட்டது. மழை முக்கியமாக ஐப்பசி, கார்த்திகையில்தான். மீதி மாதங்களில் மேல்மண் காய்ந்து கிடக்கும்போது, ஆழ்ந்த ஆணிவேர் கீழிருக்கும் ஈரத்தை எடுத்துக்கொள்கிறது. நிலத்தடி நீர் உவர்ப்பாக இருந்தாலும் தாங்குகிறது. வேர் முடிச்சுகளில் வாழும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துத் தருவதால் சத்தில்லாத மணலும் அதற்குத் தடையில்லை. கண்மாய்ப் பாசனம் தளர்ந்து, நிலங்கள் தரிசாகி, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால்கள் பராமரிப்பின்றிக் கிடந்தபோது அந்த வெற்றிடத்தில் அது புகுந்தது. மன்னார் வளைகுடாத் தீவுகள் சிலவற்றிலும் இன்று கருவை நிற்கிறது.

பரப்புவது ஆடும் மாடும் தண்ணீரும்தான். காயின் சதை செரித்துவிடும். கெட்டி ஓட்டுக்குள் இருக்கும் விதை சாணத்தோடு உயிரோடு வெளியே வரும். வயிற்றுக்குள் போய் வந்த விதை எளிதாக முளைக்கவும் செய்கிறது. ஆடு நன்றாக மென்று பல விதைகளை அழித்துவிடும். மாட்டின் சாணத்தில் உயிருள்ள விதைகள் அதிகம் தப்புகின்றன. காய் நீரில் மிதக்கும் என்பதால் வரத்துக்கால் வழியே கண்மாய்க்குள் சேர்கிறது. விதை பல ஆண்டுகள் மண்ணுக்குள் முளைக்காமலே காத்திருக்கக்கூடியது.

இலையிலும் காயிலும் இருக்கும் வேதியியல்

இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள். எடுத்த பின் நிலத்தை எப்படிப் பண்படுத்த வேண்டும் என்பது இதிலிருந்துதான் வருகிறது.

இலையில் பைப்பெரிடின் வகை ஆல்கலாய்டுகள் என்னும் நைட்ரஜன் சேர்மங்கள் உள்ளன. முக்கியமானது ஜூலிப்ரோசோபின். இலையின் கசப்பால்தான் ஆடு காயைத் தேடித் தின்றுவிட்டு இலையை விட்டுவிடுகிறது. மேய்ச்சல் கருவையைக் கட்டுப்படுத்தாததற்கு இது ஒரு காரணம். எல்-டிரிப்டோபான், சிரிஞ்சின், லாரிசிரெசினால் போன்றவையும் இலையிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டுள்ளன. உதிர்ந்த இலையிலிருந்து இவை மழைநீரில் கரைந்து மண்ணில் இறங்கி, மற்ற விதைகளின் முளைப்பையும் இளவேரின் நீட்சியையும் தடுக்கின்றன. சோதனைகளில் சிறு விதைகளும் புற்களும்தான் அதிகம் அடிவாங்குகின்றன.

கருவைக்கு அடியில் ஒன்றும் முளைக்காததற்கு இந்த நஞ்சு மட்டும் காரணமல்ல. அடர்ந்த நிழல், மேல்மண்ணின் ஈரத்தைப் பக்கவேர்கள் உறிஞ்சிவிடுவது, இலைக்குப்பை மூடுவது எல்லாம் சேர்ந்த விளைவு அது. இன்னொரு பக்கமும் உண்டு. நீண்ட நாள் கருவை நின்ற மண்ணில் நைட்ரஜனும் மட்கும் பெரும்பாலும் கூடியிருக்கும். வேதிப்பொருள்கள் கரைந்து போனதும் அந்த மண் நல்ல மண்ணே. ஆகவே மேல்மண்ணைச் சுரண்டி வெளியேற்ற வேண்டாம்.

காயில் சர்க்கரையும் புரதமும் நிறைய. கால்நடைக்கு அது நல்ல தீவனம், அளவோடு இருந்தால். வடகிழக்கு பிரேசிலில் தீவனத்தில் பாதிக்கு மேல் இந்தக் காயையே மாதக்கணக்கில் தின்ற மாடுகளுக்கு முகம் கோணும் நோய் வந்தது. தாடையை இயக்கும் நரம்பணுக்களை ஜூலிப்ரோசோபின் சிதைப்பதால் மாட்டால் சரியாக மெல்ல முடியாது. தலையைச் சாய்த்து மெல்லுதல், எச்சில் வழிதல், அசைபோடும்போது வாயிலிருந்து தீவனம் விழுதல், உடல் மெலிதல் ஆகியவை அறிகுறிகள். கோடையில் வேறு மேய்ச்சல் இல்லாமல் மாடு முழுக்கக் கருவைக்காயிலேயே காலம் தள்ளினால் இந்த அறிகுறிகளைக் கவனித்து, கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

காயைத் தீவனமாக்குவதானால், உதிர்வதற்கு முன் பறித்து, நொறுங்கும் பதத்துக்கு வெயிலில் காயவைத்து, விதையும் உடைபடும்படி அரைத்து, அடர்தீவனக் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மிகாமல் சேருங்கள். விதை உடைவதால் அதன் புரதமும் கிடைக்கும், பரவலும் நிற்கும். முழுக்காயாகப் போடுவது உங்கள் தொழுவுரத்தையே விதை மூட்டையாக்கிவிடும்.

மகரந்தம் சிலருக்கு மூக்கொழுகல், இளைப்பு, கண் அரிப்பைத் தரும். பூவின் தேன் தேனீக்கு மட்டுமன்றிக் கொசுவுக்கும் உணவு. மாலி நாட்டு ஊர்களில் பூத்த கிளைகளை அகற்றியபோது மலேரியாக் கொசுக்கள் வெகுவாகக் குறைந்ததாக 2017-இல் வெளியான ஆய்வு காட்டியது.

கைபேசியில் சுற்றும் இரண்டு செய்திகளை இங்கே மறுத்தாக வேண்டும். கருவை ஆக்சிஜன் வெளியிடாது என்பது பொய். பச்சை இலை உள்ள எல்லா மரத்தையும் போல அதுவும் வெளியிடுகிறது. காற்றின் ஈரத்தை உறிஞ்சி மழையைத் தடுக்கிறது என்பதற்கும் ஆதாரம் இல்லை. நிலத்தடி நீரைச் செலவழிப்பது, மேய்ச்சலை மூடுவது, கண்மாயின் கொள்ளளவைக் குறைப்பது ஆகிய உண்மையான கேடுகளே அகற்றுவதற்குப் போதும்.

எப்போது, எங்கிருந்து தொடங்குவது

தை, மாசி மாதங்கள் சரியான காலம். அறுவடை முடிந்திருக்கும், அடியில் ஈரம் இருக்கும், கோடைக் காய் பழுத்து உதிர்ந்திருக்காது. சித்திரை, வைகாசியில் எடுத்தால் உதிர்ந்த காயை எந்திரச் சக்கரமே நிலமெங்கும் மிதித்துப் புதைக்கும். காய்ந்து இறுகிய கரிசலில் தண்டு தரைமட்டத்தில் ஒடியுமே தவிர, தூர் வராது. கார்த்திகையில் கரிசலில் எந்திரம் இறங்கினால் புதையும்.

வரிசை முக்கியம். நீர் வரும் திசையிலிருந்து தொடங்குங்கள்: முதலில் வரத்துக்கால், அடுத்து நீர் தேங்கும் கண்மாய் உள்வாய், பிறகு கரை, கடைசியாகக் கண்மாய்ப் பாசனம் பெறும் ஆயக்கட்டு வயல்கள். வயலை முதலில் எடுத்தால் அடுத்த ஐப்பசி வெள்ளத்தில் மேலிருந்து காய் வந்து சேரும். தனியாக நிற்கும் சிறு புதர்களை முன்னால் எடுத்து, அடர்ந்த காட்டைப் பின்னால் வைத்துக்கொள்ளுங்கள். புதிய இடத்தில் கால் ஊன்றியதை எடுப்பது சுலபம். அதைத் தள்ளிப்போட்டால் அது அடுத்த காடாகும்.

பட்டா நிலம் தவிர வேறு எங்கும் அனுமதியில்லாமல் கை வைக்காதீர்கள். கண்மாய்க்கு நீர்வளத்துறை அல்லது ஊராட்சி ஒன்றியம், காப்புக்காட்டுக்கும் சரணாலயத்துக்கும் வனத்துறை. சித்திரங்குடி, காஞ்சிரங்குளம் போன்ற பறவைகள் சரணாலயங்களில் நீர்ப்பறவைகள் முள்மரங்களில்தான் கூடு கட்டுகின்றன. அங்கே நாட்டுக்கருவேலம் வளர்ந்து இடம் கொடுக்கும்வரை கருவையை அவசரப்பட்டு எடுப்பது பறவைகளைத் துரத்துவதாகும்.

எடுக்கும் முறை

பென்சில் பருமன் வரையுள்ள நாற்றுகளை மழை பெய்த இரண்டு மூன்று நாளுக்குள் கையால் பிடுங்கலாம். ஆணிவேர் தண்டைவிட நீளமாக இறங்கியிருக்கும். காய்ந்த மண்ணில் இழுத்தால் மேலே ஒடிந்து கீழே துளிர்க்கும்.

அதைவிடப் பெரியவற்றுக்கு ஓர் அளவை மனத்தில் வையுங்கள்: தரைக்குக் கீழே 30 செ.மீ., அதாவது ஓர் அடி. துளிர்க்கும் மொட்டுகள் எல்லாம் தண்டும் வேரும் சேரும் தூர்ப் பகுதியில், பெரும்பாலும் இந்த ஆழத்துக்குள் இருக்கின்றன. அதற்குக் கீழே ஆணிவேரை வெட்டினால் மரம் சாகும். மண்ணில் மிச்சமாகும் பக்கவேர்த் துண்டுகள் பொதுவாகத் துளிர்ப்பதில்லை, அவற்றைத் துரத்திக்கொண்டு தோண்ட வேண்டாம்.

கையால் எடுக்கும்போது:

1. கிளைகளைக் கழித்து, தண்டை இடுப்பு உயரத்தில் வெட்டுங்கள். நெம்புவதற்கு அந்தக் கட்டை வேண்டும். தரையோடு வெட்டிவிட்டால் தோண்டும் வேலை இரட்டிப்பாகும்.
2. தூரிலிருந்து இரண்டடி தள்ளிச் சுற்றிலும் ஒன்றரை அடி ஆழத்துக்கு மண்வெட்டியாலும் கடப்பாரையாலும் பறியுங்கள்.
3. பக்கவேர்களைக் கோடாரியால் துண்டியுங்கள்.
4. கட்டையை ஆட்டி, ஆணிவேர் தெரியும் பக்கத்தில், 30 செ.மீ.-க்குக் கீழே வெட்டுங்கள்.
5. தூரை வெளியே இழுத்து, வேர் மேல்நோக்கி இருக்கும்படி வெயிலில் போடுங்கள். ஈர மண்ணைத் தொட்டுக்கொண்டு கிடந்தால் துளிர்விட வாய்ப்புண்டு.

ஜேசிபி வைத்து எடுத்தால் நடக்கும் பெரிய தவறு, ஓட்டுநர் வாளியால் தண்டைத் தள்ளிச் சாய்ப்பது. அப்படிச் சாய்த்தால் தண்டு முறியும், தூர் உள்ளே தங்கும். வாளியின் பல் தூருக்கு அடியில் போய் மேல்நோக்கிப் பெயர்க்க வேண்டும். முதலில் கால் ஏக்கர் எடுக்கச் சொல்லி, வெளியே வந்த ஒவ்வொரு தூரையும் பாருங்கள். தடித்த முண்டும் அதன் கீழ் ஓரடி ஆணிவேரும் சேர்ந்து வந்திருந்தால் சரி. ஆன நேரத்தை அளந்து, அதைவைத்து மீதி நிலத்துக்குக் கூலி பேசுங்கள்.

கரி வியாபாரியிடம் விறகைக் கொடுத்துச் செலவை ஈடுகட்டுவது இங்கே வழக்கம், நல்ல வழியும்கூட. மூட்டத்தில் விறகின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு முதல் நாலில் ஒரு பங்குவரை கரியாகும். ஆனால் ஒப்பந்தத்தில் "தூருடன்" என்ற சொல் இருக்க வேண்டும். தூருக்கும் எரிமதிப்பு உண்டு, மூட்டத்துக்கு ஆகும். தூர் எடுத்த பிறகே கடைசித் தவணைக் கணக்கு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வெட்டுபவர்களுக்குத் தடித்த அடிப்பாகமுள்ள காலணி, தோல் கையுறை, கண்ணாடி கட்டாயம். முள் ஆழமாகக் குத்தி ஒடிந்தால் வாரக்கணக்கில் வீங்கும். மூட்டில் குத்தினால் மூட்டழற்சி வரக்கூடும். ரணஜன்னித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும். டிராக்டர் டயருக்கும் அதே ஆபத்துதான். உழுவதற்கு முன் முள்கிளைகளைக் கூட்டி அகற்றுங்கள்.

உப்பு, பழைய என்ஜின் ஆயில், அமிலம் ஆகியவற்றைத் தூரில் ஊற்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். மண் கெடும், கருவை பிழைக்கும். கண்மாய், ஊருணிக்குள் எந்தக் களைக்கொல்லியும் வேண்டாம்.

இடத்துக்கு இடம் மாறும் முறை

கண்மாய்க் கரை: எந்திரத்தால் பிடுங்கவே கூடாது. வேர் பெயர்ந்த குழி வழியே நீர் கசிந்து, கண்மாய் நிறையும் நாளில் உடைப்பெடுக்கும். நீர் திறக்கும் மடைக்கும் மிகுநீர் வழியும் கலுங்குக்கும் அருகில் இன்னும் கவனம். இங்கே தண்டைத் தரையோடு வெட்டி, வரும் துளிரைச் சாண் உயரம் தாண்டவிடாமல் மூன்று நாலு வாரத்துக்கு ஒருமுறை கழித்துவாருங்கள். வேரில் சேமித்த மாவுச்சத்து தீரும்வரை ஓராண்டோ அதற்கு மேலோ ஆகும். கையால் தூர் எடுத்தே ஆக வேண்டுமானால் கோடையில் எடுத்து, அன்றே 15 செ.மீ. அடுக்காக ஈரக் களிமண் போட்டு ஒவ்வொரு அடுக்கையும் மண் இடிக்கும் திம்மிசுக் கட்டையால் இடித்து மூடுங்கள்.

கடற்கரை மணல்மேடு: வாலிநோக்கம், மூக்கையூர், மண்டபம் போன்ற இடங்களில் கருவை மணலைப் பிடித்து நிறுத்தியிருக்கும். மொத்தமாக எடுத்தால் ஆடிக் காற்றில் மணல் நகர்ந்து வீட்டையும் தோட்டத்தையும் மூடும். காற்றுக்குக் குறுக்காகப் பத்து மீட்டர்ப் பட்டைகளாகப் பிரித்து, ஒன்று விட்டு ஒன்று எடுங்கள். எடுத்த பட்டையில் அடம்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் பிடித்த பிறகே அடுத்த பட்டை.

பனந்தோப்பு: பனையைச் சுற்றி இரண்டு மீட்டருக்குள் எந்திரம் வேண்டாம், பனையின் சல்லிவேர்கள் மேலேயே பரவியிருக்கும். கருவை சூழ்ந்த பனையில் ஏற முடியாமல் போவதோடு, தீப்பிடித்தால் பனையும் கருகும். அடியை மட்டுமாவது கையால் சுத்தம் செய்யுங்கள். வெட்டிய முள்ளைப் பனையோரம் குவிக்காதீர்கள்.

காரங்காட்டைப் போல அலையாத்தி உள்ள கழிமுகங்களில் கரையோர மேட்டில் நிற்கும் கருவையை மட்டும் கையால் எடுக்கலாம். சதுப்புக்குள் இறங்க வேண்டாம். பறவைகள் இரைதேடும் திறந்த சேற்றுவெளியில் எந்த மரமும் நடக் கூடாது.

எடுத்த பின் மண்ணைத் தயார் செய்வது

இலைக்குப்பையை வாரி நிலத்துக்கு வெளியே குவித்து, ஒரு மழைக்காலம் முழுக்க மட்கவிடுங்கள். குழிகளை நிரப்பிச் சமன் செய்து, வரப்பை ஓரடி உயர்த்தி, முதல் பருவமழையை நிலத்திலேயே நிறுத்தி வடியவிடுங்கள். வேதிப்பொருளும் உப்பும் சேர்ந்து கரைந்து இறங்கும்.

நஞ்சு தீர்ந்ததா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. கருவை நின்ற இடத்து மண் மூன்று குவளை, பக்கத்தில் கருவை இல்லாத இடத்து மண் மூன்று குவளை. ஒவ்வொன்றிலும் பத்துக் கேழ்வரகு விதை. ஒரே அளவு நல்ல தண்ணீர். பத்தாம் நாள் முளைத்த எண்ணிக்கையையும் வேர் நீளத்தையும் ஒப்பிடுங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒன்றானால் விதைக்கலாம். வேர் குட்டையாகவே இருந்தால் இன்னொரு மழை தேவை.

முதல் பருவத்தில் மிளகாயோ நெல்லோ போடாதீர்கள். புரட்டாசிக் கடைசியில் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதைத்து, 45-ஆம் நாள் பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். உவரைத் தாங்கும், வேகமாக மூடும், கருவை நாற்றுக்கு வெளிச்சம் விடாது. அடுத்த ஆண்டு குதிரைவாலியோ சோளமோ. முண்டு மிளகாய்க்கு மூன்றாம் ஆண்டு போங்கள், களையெடுக்கும் கைகள் அப்போது கருவை நாற்றையும் சேர்த்தே எடுத்துவிடும்.

சாகுபடி செய்யாத நிலத்தில் மரம் நட்டே ஆக வேண்டும். வெறும் நிலம் ஒரே மழையில் கருவைக்குத் திரும்பும். கண்மாய் உள்வாயில் நாட்டுக்கருவேலம், கரையின் வெளிச்சரிவில் பனை, உவர் நிலத்தில் உகாய், மணலில் உடையும் பூவரசும், ஊர்ப்பக்கம் வேம்பும் புங்கமும். ஒன்றரை அடிக் குழியில் தொழுவுரம் கலந்து, ஐப்பசி முதல் மழையோடு நடுங்கள். பனங்கொட்டையை மூன்று மீட்டர் இடைவெளியில் அரை அடி ஆழத்தில் ஊன்றினால் போதும். சவுக்கு வேண்டாம், அதன் அடியிலும் எதுவும் எளிதில் வளராது.

மூன்று ஆண்டுக் கண்காணிப்பு

எடுத்த நாற்பதாம் நாள் நிலம் முழுக்க ஒருமுறை நடந்து, துளிர்த்த தூர்களைக் குச்சி நட்டு அடையாளம் வைத்து மறுபடி தோண்டுங்கள். ஆழம் தப்பியவை எவை என்று அப்போதே தெரிந்துவிடும்.

பிறகு ஆண்டுக்கு இரண்டு சுற்று: மார்கழி, தை ஈரத்தில் ஒன்று, கோடை மழைக்குப் பின் ஒன்று. ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை நிலத்தில் பத்து இடங்களில் வைத்து நாற்றை எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள். சட்டத்துக்குச் சராசரி ஒன்று என்றாலே ஏக்கருக்கு நாலாயிரம் நாற்று. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு குறைய வேண்டும். குறையாவிட்டால் புதிய விதை எங்கிருந்தோ வருகிறது என்று பொருள்.

பெரும்பாலும் அது கிடையிலிருந்து வரும். காய்க் காலத்தில் கருவைக்காட்டில் மேய்ந்த ஆட்டை இரவில் உங்கள் நிலத்தில் கிடை போட்டால், உரத்தோடு விதையும் இறங்கும். கிடை அமர்த்துவதை மாசிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். முடியாதென்றால், காய் இல்லாத மேய்ச்சலில் பத்து நாள் நின்ற மந்தையைக் கேட்டு அமர்த்துங்கள். தொழுவுரம் விலைக்கு வாங்கும்போது ஒரு கூடையை நனைத்து நிழலில் இரண்டு வாரம் வைத்துப் பார்த்து, கருவை முளை தெரிந்தால் அந்தக் குவியலை நன்றாகச் சூடேறி மட்கும்வரை நிலத்தில் இடாதீர்கள்.